‘எங்க போட்டாலும் சரி பாப்பா!’

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் காலை நிகழ்ச்சியில் சுற்றுலாப் பேச்சு தானாகவே வந்துவிடும். அன்று சித்தியவானிலிருந்து ஒரு நேயர் அழைத்தார். “குடும்பத்தோட பங்கோர் தீவுக்குப் போறோம். எங்க தங்கினா நல்லது?”

கையில் குறிப்பு இருந்தது. கடற்கரை வேண்டுமா, தெலுக் நிப்பா. கொஞ்சம் வசதி வேண்டுமா, பாசிர் போகாக். காசு நிறைய இருக்கிறதா, பக்கத்திலேயே பங்கோர் லாவுட். ஒன்றரை நிமிடத்தில் அழகாகச் சொல்லி முடித்து, பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து கைத்தொலைபேசியைத் திறந்தால், ஈப்போவிலிருந்து அம்மாவின் குரல் பதிவு.

“நல்லா சொன்ன பாப்பா. அவ்வளவு விவரம் தெரிஞ்சு வெச்சிருக்கியே, நீ எப்பப் போன?”

கல்லூரி முடிந்த வருஷம் தோழிகளோடு போயிருக்கிறேன். வேலைக்கு வந்த பிறகு இரண்டு தடவை. அம்மாவும் அப்பாவும் ஒரு தடவைகூடப் போனதில்லை. பேராவிலேயே பிறந்து, பேராவிலேயே அறுபதைத் தாண்டியவர்கள். அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

கரையிலிருந்து பார்த்த தீவு

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். அம்மா இருபத்து மூன்று வருஷம் பால்மரம் வெட்டினார். அப்பாவுக்கு ஆலையில் வேலை. நல்ல வருஷமாக இருந்தால் தோட்டத்து ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பஸ் பிடித்து, லூமுட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போவோம். புளிச்சோறு, அவித்த முட்டை, நெத்திலிச் சம்பல், பெரிய தெர்மோஸ் குடுவையில் தேத்தண்ணி. மரத்தடியில் பாய் விரித்தால் அதுதான் எங்கள் ஹோட்டல்.

பிள்ளைகள் நாங்கள் தண்ணீரில் கிடப்போம். அம்மா சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பார். எதிரே நீலமாகத் தெரியும் தீவைக் காட்டி, “அதுதான் பங்கோரு” என்பார். அவ்வளவுதான். ஃபெர்ரி ஏறினால் அரை மணி நேரப் பயணம். ஆனால் பொழுது சாய்வதற்குள் பஸ் கிளம்பிவிடும். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டுமே.

‘தங்குவது’ என்ற சொல் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் வீட்டுக்கு மட்டுமே உரியது. கல்யாணம், கருமாதி, காதுகுத்து என்றால் தங்குவோம். காசு கொடுத்து அடுத்தவர் கட்டிலில் படுப்பதா? அது துரைமார் செய்கிற வேலை.

அந்த வார இறுதியில் ஈப்போவுக்குப் போனேன். புந்தோங் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். “மூணு நாள், ரெண்டு ராத்திரி. எந்த மாதிரி இடத்துல தங்கணும்? உங்க ரெண்டு பேருக்கும் எது பிடிக்கும்னு சொல்லுங்க.”

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னார்:

“எங்களுக்கு என்ன தெரியும்? நீ எங்க போட்டாலும் சரி பாப்பா.”

‘போட்டாலும்’ என்ற சொல்லில் என் கை நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தால் அம்மா சரியாகத்தான் பேசியிருக்கிறார். பிறந்தது தோட்டம் போட்ட லயத்தில். கல்யாணமாகி வந்தது கிராணி சாவி எடுத்துக் கொடுத்த இன்னொரு லயத்து வீட்டில். 1990களின் கடைசியில் தோட்டம் கைமாறி, ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை வந்தபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கு அப்போது பத்து வயசு. அப்புறம் வந்தது வாடகை வீடு. மாமா பார்த்துச் சொன்னார், போனோம். அவர் வாழ்க்கையில் ‘உனக்கு எந்த வீடு பிடிக்கும்?’ என்று யாரும் கேட்டதே இல்லை. முதல் தடவையாக நான் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை.

படம் பார்த்து எடுத்த முடிவு

அதனால் முடிவை நானே எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் உதவும்.

பங்கோர் சின்னத் தீவு. வேனில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். ஆனால் அதற்கு இரண்டு முகம். லூமுட்டைப் பார்த்த கிழக்குப் பக்கம் மீனவர்களின் பக்கம். சுங்கை பினாங் கெச்சில், பங்கோர் டவுன், படகுத்துறை, நெத்திலிக் கிடங்கு, கருவாட்டுக் கடை, சீனர் கோவில், நம் பத்ரகாளியம்மன் கோவில் எல்லாம் அங்கேதான். மேற்குப் பக்கம் விருந்தாளிகளின் பக்கம். பாசிர் போகாக்கும் தெலுக் நிப்பாவும் அங்கே. சூரியன் மறைவதும் அந்தப் பக்கம்தான்.

டவுனில் தங்கினால் செலவு குறையும், சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். ஆனால் குளிக்கிற கடற்கரை கிடையாது. பாசிர் போகாக் டவுனுக்குப் பக்கம். மணலை ஒட்டியே பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன, வார நாளில் அமைதியாக இருக்கும். தெலுக் நிப்பா இன்னும் தள்ளி. சிறிய தங்கும் விடுதிகள், சாலட்டுகள், சாப்பாட்டுக் கடைகள் என்று கலகலப்பாக இருக்கும். பங்கோர் லாவுட் தனித் தீவு, ஒரே ரிசார்ட். இத்தாலியப் பாடகர் லுச்சானோ பவரோட்டி வந்து தங்கிய இடம். அங்கே இரண்டு இரவு தங்கினால் என் மாதச் சம்பளம் கதை முடிந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளுக்கு வருஷக் கடைசியில் பருவமழை வந்துவிட்டால் பல விடுதிகள் மூடிவிடும். பங்கோர் மலாக்கா நீரிணையில் இருக்கிறது. பெரிய அலை இல்லை, ஆண்டு முழுக்கப் போகலாம். ஆனால் கிழக்குக் கரையின் பளிங்குத் தண்ணீரை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து மயங்கினேன். மரப்பலகைத் தாழ்வாரம், இரண்டு நாற்காலி, அதற்குக் கீழே கடல். “அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும்” என்று முடிவு கட்டிப் பணத்தையும் கட்டிவிட்டேன்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். கேமராவை எங்கே வைத்தால் எது பெரிதாகத் தெரியும், எது மறையும் என்று பரீட்சை எழுதித் தேறியவள். அந்தப் படம் எங்கே நின்று எடுக்கப்பட்டது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். கடல் அவ்வளவு கீழே தெரிகிறது என்றால், அறை அவ்வளவு மேலே இருக்கிறது.

ஐம்பத்து நான்கு படி

புறப்படும் நாள் அம்மா விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டிவிட்டார். “அங்க சாப்பாடு கிடைக்கும்மா” என்றேன். “கிடைக்கட்டும், இதுவும் இருக்கட்டும்.” போதாததற்கு ஐந்து பொட்டலம் புந்தோங் கச்சாங் பூத்தே. தம்பி காரை ஓட்டினான். ஸ்ரீ இஸ்கண்டார், போத்தா, ஆயர் தாவார், சித்தியவான் வழியாக லூமுட் வந்து, காரை நிறுத்தத்தில் போட்டுவிட்டு ஃபெர்ரி ஏறினோம்.

அம்மா உள்ளே உட்காரவில்லை. வெளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீவு பக்கத்தில் வர வர, அது நீலம் இல்லை, பச்சை என்று தெரிந்தது. “பச்சையாத்தான் இருக்கு!” என்று அப்பாவிடம் சொன்னார். நாற்பது வருஷத்துச் சந்தேகம் ஒன்று தீர்ந்த மாதிரி.

படகுத்துறையில் இளஞ்சிவப்பு நிற டாக்சி வேன்கள் வரிசையாக நிற்கும். ஒன்றில் ஏறி விடுதி வாசலில் இறங்கினோம். வாசலிலிருந்து அறைக்கு ஐம்பத்து நான்கு படி. இரவு எண்ணியது. மின்தூக்கி கிடையாது. கைப்பிடியும் பாதி தூரம்தான்.

அம்மாவுக்கு மூட்டு வலி. விடிகாலைப் பனியில், மேட்டிலும் பள்ளத்திலும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த கால்கள். படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பரவாயில்ல, மெதுவா ஏறுவோம்” என்றார். ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்து சூரியன் மறைவதையும் பார்த்தார். நான் படம்கூட எடுத்தேன். படத்தில் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

இரவு சாப்பாட்டுக்குக் கீழே வரவில்லை. “புளிச்சோறு இருக்குல்ல” என்றார். காலையில் விழித்துப் பார்த்தால் அம்மா படுக்கையில் இல்லை. வெளியே ஓடினேன். பாதிப் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடலில் கால் நனைக்க யாருக்கும் தெரியாமல் இறங்கப் பார்த்திருக்கிறார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

“எழுப்பியிருக்கலாம்லம்மா?”

“நீ ஆசைப்பட்டு எடுத்த ரூம்பு. நான் ஒண்ணு சொல்லப் போயி உன் மனசு சங்கடப்படும்.”

படி இருப்பதை விடுதிக்காரர்கள் எழுதி வைக்கவில்லைதான். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பில் நான் கேட்டிருக்கலாமே? காசு கொடுத்து, கடல் காட்டி, நானும் அம்மாவை ஓர் இடத்தில் ‘போட்டு’த்தான் வைத்திருந்தேன்.

நாலாம் நம்பர்

இரண்டாம் இரவுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும் என்று மூட்டையைக் கட்டினோம். வார நாள் என்பதால் தெலுக் நிப்பாவில் அறைக்குப் பஞ்சமில்லை. சாலைக்கு உள்ளே, கடலிலிருந்து இரண்டு நிமிட நடையில், ஒரு மலாய்க்கார அம்மாவின் இடம். தரையோடு தரையாக வரிசையாய் ஆறு அறை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்னத் தாழ்வாரம், துணி காயப் போடக் கொடி. எதிரில் பொதுவாக ஒரு அடுப்படி. ஜன்னலைத் திறந்தால் கடல் இல்லை, ரம்புத்தான் மரம்தான் தெரிந்தது. இணையத்தில் இந்த இடத்தின் படத்தைப் பார்த்திருந்தால் அடுத்த நொடியே தள்ளிவிட்டிருப்பேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, வயதில் மூத்தவர் என்பதால், அம்மாவைப் பார்த்தே கேட்டார்: “பிலிக் யாங் மானா, காக்?” எந்த அறை வேண்டும், அக்கா?

நானும் தம்பியும் வாயை மூடிக்கொண்டோம். அம்மா தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தார். ஒரு அறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார். இன்னொன்றில் கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தார். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். ஐந்து நிமிடம் ஆனது. கடைசியில் விரலை நீட்டி, தோட்டத்து மலாயில் சொன்னார்: “யாங் இத்து. நொம்போர் எம்பாட்.”

நாலாம் நம்பர்.

சாயங்காலம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“நம்ம லயம் மாதிரியே இல்ல? ஆனா காலையில பெரட்டு மணி அடிக்காது.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வெகுநாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அதே நேரம் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக வந்து மின்கம்பியில் உட்கார்ந்தன. தெலுக் நிப்பாவில் பொழுது சாயும் நேரம் அவை வருவது வழக்கம். அம்மா கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரிக்கப் போனார். “அதெல்லாம் அதுக்குக் குடுக்கக் கூடாதும்மா” என்று தடுத்தேன். விடுதிக்கார அம்மா பழத் துண்டுகளோடு வந்தார். பொட்டலம் அவர் கைக்குப் போனது.

நாம் இங்கே வந்த கதை

மறுநாள் வேன் எடுத்துச் சுற்றினோம். கோவிலில் அர்ச்சனை செய்தோம். மாசி மகத்துக்கு இங்கே வெளியூர் பக்தர்கள் ஃபெர்ரி ஃபெர்ரியாக வந்து இறங்குவார்கள். அந்தச் சமயம் அறை வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அப்பா நெத்திலிக் கிடங்கில் ஒரு மணி நேரம் காணாமல் போய் மூன்று கிலோவோடு திரும்பி வந்தார். 2020இலிருந்து பங்கோர் வரியில்லாத் தீவு என்பதால் தம்பி சாக்லெட் வாங்கினான்.

தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்களின் கோட்டைச் சுவர் இருக்கிறது. பேராவின் ஈயத்தைச் சேர்த்து வைக்க 1670இல் கட்டியது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் அப்பாவிடம் பங்கோர் உடன்படிக்கையைப் பற்றிச் சொன்னேன். பள்ளியில் படித்தபோது வெறும் தேதியாக இருந்த செய்தி அது. 1874 ஜனவரி 20. இந்தத் தீவுக்கு அருகே நங்கூரமிட்ட ‘புளூட்டோ’ என்ற கப்பலில் கையெழுத்தானது. அதன்படிதான் பேராவுக்கு பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்தார். முதலில் வந்த பர்ச் அடுத்த ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பின்னால் வந்த ஹியூ லோ, 1877 வாக்கில் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அதில் ஒன்று பெரிய மரமாக இன்றும் அங்கே நிற்கிறது. பிறகு காடு அழிந்து தோட்டமானது. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஆள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது.

அப்பா சுவரைத் தடவிக்கொண்டே சொன்னார். “அப்ப நாம இங்க வந்ததுக்கே இந்தத் தீவுதான் காரணம்னு சொல்லு.” கொஞ்ச நேரம் கழித்து, “எங்கம்மாவையும் மொதல்ல ஒரு தீவுலதான் இறக்கினாங்களாம்” என்றார்.

ஆயாவின் கதை எனக்கும் தெரியும். 1920களின் கடைசியில், ஏழு வயசுச் சிறுமியாக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். பினாங்கு வந்ததும் ஊருக்குள் விடவில்லை. நோய் பரவும் என்ற பயத்தால் தோட்டத்துக்கு வந்த ஜனங்களை ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்துப் பார்த்த காலம் அது. “ஒரு தீவுல பட்டியில அடைச்ச மாதிரி அடைச்சாங்க” என்று ஆயா சொல்லும். அந்த ஜெரஜாக் பிறகு சிறைத் தீவானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தீவில் ஓர் உல்லாச விடுதியும் திறந்தார்கள். ஆயா தங்கியது ஒரு தீவில், பேத்தி தங்குவது ஒரு தீவில். நடுவில் இருப்பது ‘எந்த அறை வேண்டும்?’ என்ற ஒரு கேள்விதான்.

நேயர்களுக்கு

இப்போதும் நிகழ்ச்சியில் ‘எங்கே தங்கலாம்?’ என்று கேட்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. “யாரோட போறீங்க?” என்று திருப்பிக் கேட்கிறேன்.

நண்பர்களோடு என்றால் எங்கே தங்கினாலும் சிரித்துக்கொள்ளலாம். பெற்றோரோடு என்றால் விடுதிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். எத்தனை படி? கழிவறை குந்துவதா, உட்காருவதா? வெந்நீர் வருமா? சோறு எவ்வளவு தூரத்தில் கிடைக்கும்? முடிந்தால் வார இறுதியையும் பள்ளி விடுமுறையையும் தவிர்த்து வார நாளில் போங்கள். அறையும் கிடைக்கும், விலையும் குறையும். இரண்டு இரவுக்கும் ஒரேயடியாகப் பணம் கட்டாதீர்கள். முதல் இரவு தங்கிப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம்.

அதைவிட முக்கியமானது, அவர்களிடம் கேட்பது. ‘எங்க போட்டாலும் சரி’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று இடத்தைக் காட்டுங்கள். குழாயைத் திறந்து பார்க்க, கட்டிலை அழுத்திப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கிளம்பிய அன்று காலை அம்மா அறையைக் கூட்டி, போர்வையை மடித்து, விரிப்பின் சுருக்கத்தையும் நீவிவிட்டுத்தான் வெளியே வந்தார். “அதெல்லாம் அவங்க செய்வாங்கம்மா” என்று சொல்ல வாயெடுத்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். ஃபெர்ரியில் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

“அந்தம்மா நம்பரைப் போட்டுக் குடு பாப்பா. பேருக்குப் பக்கத்துல ரூம்பு நாலுன்னு எழுது. அடுத்த தடவையும் எனக்கு அதுதான் வேணும்.”